சுடுவதெல்லாம் காசு

மெட்ரோ 2033 என்ற கேமில் தோட்டாதான் காசு. மாஸ்கோ மேல் அணுகுண்டுகள் விழுந்து இருபது வருடம் ஆகிறது. பிழைத்தவர்கள் சுரங்க ரயில் நிலையங்களில் குடியிருக்கிறார்கள். ரூபிளுக்கு அங்கே மதிப்பில்லை. போருக்கு முன்னால் ராணுவத் தொழிற்சாலையில் செய்த தோட்டா பளபளவென்று இருக்கும், பாய்ந்தால் ஆளைச் சாய்க்கும். அதுதான் செலாவணி. சுரங்கத்துக்குள்ளேயே கிடைத்ததை வைத்துச் செய்த அழுக்குத் தோட்டா சண்டைக்கு. இரண்டும் ஒரே துப்பாக்கியில் போகும் என்பதில்தான் வம்பு. இக்கட்டான நேரத்தில் நல்ல தோட்டாவைப் போட்டுச் சுடலாம், எதிரி சீக்கிரம் விழுவான். ஆனால் விசையை அழுத்திப் பிடித்திருக்கும் அந்த இரண்டு விநாடியில் அடுத்த நிலையத்தில் வாங்கவேண்டிய முகமூடி ஃபில்டரும் மருந்தும் காற்றில் போய்விடும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் சுவரைப் பார்த்துக்கூடச் சுட்டுத் தீர்த்துப் பழகிய கை எனக்கு. அந்தக் கையைக் கட்டிப்போட்ட முதல் கேம் இதுதான்.

அறிமுகம் என்னவோ வேறு வழியில் நடந்தது. 2011இல் ரிச்சி தெருவில் ஒரு கணினிக் கடையில் வேலை பார்த்தேன். அங்கே இது கேம் அல்ல, பரிசோதனைக் கருவி. கிராபிக்ஸ் கார்டு வாங்க வருகிறவர் முன்னால் எதை ஓட்டினால் கார்டுக்கு மூச்சு வாங்குமோ அதை ஓட்டிக் காட்ட வேண்டும். அன்றைக்குக் கார்டுகளைச் சோதித்து எழுதியவர்கள் பலரும் க்ரைசிஸோடு சேர்த்து இதையும் ஓட்டித்தான் மதிப்பெண் போட்டார்கள். டைரக்ட்எக்ஸ் 11இல் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால் விலை உயர்ந்த கார்டே திணறும், விசிறி இரையும். “தம்பி, அந்த மெட்ரோவப் போட்டுக் காட்டு” என்பார் கடை பாய். வெளியே அண்ணா சாலையில் சென்னை மெட்ரோவுக்காகத் தடுப்பு வைத்துத் தோண்டிக்கொண்டிருந்த காலம். “நம்ம மெட்ரோ எப்ப ஓடுமோ, ரஷ்யாக்காரன் மெட்ரோவாச்சும் ஓடட்டும்” என்று அவர் சொல்வார், வந்தவர் சிரிப்பார், பேரம் தொடங்கும்.

ஆகவே கேமின் தொடக்கக் காட்சி எனக்கு மனப்பாடம். முகமூடி அணிந்த இரண்டு பேர் ஏணி ஏறுவார்கள். மேலே பனி மூடிய செத்த நகரம். மிருகங்கள் பாயும். திரை இருண்டு, கதை சில நாள் பின்னால் போகும். அவ்வளவுதான், அதற்குள் கார்டு விற்றிருக்கும், மூடிவிடுவோம். அப்புறம் என்ன நடக்கிறது என்று கடையில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. மறு வருடம் கடையிலிருந்து விலகிய பிறகு, ஸ்டீமில் சலுகை விலைக்கு வந்தபோது அறைத்தோழனின் கார்டில் டாலர் கணக்கில் வாங்கினேன். என் பழைய கணினியில் டைரக்ட்எக்ஸ் 9, எல்லாமே கீழ்மட்ட அமைப்பில். “முழுக்க இருட்டாத்தான மச்சி இருக்கு, இருட்டப் பாக்கவா காசு குடுத்த?” என்றான் அவன். அதற்குத்தான் கொடுத்தேன் என்பது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

கதை நேரானது. அர்த்யோம் என்ற இளைஞன் வடக்கே ‘எக்ஸிபிஷன்’ நிலையத்தில் வளர்ந்தவன். போரின்போது குழந்தை, வானத்தின் கீழ் வாழ்ந்த ஞாபகமே அவனுக்கு இல்லை என்று சொல்லலாம். ‘இருண்டவர்கள்’ என்று எல்லாரும் அஞ்சும் புதுவகை உயிர்கள் அந்த நிலையத்தை நெருங்குகின்றன. அவற்றை எதிர்கொண்ட காவலர்கள் புத்தி கலங்கித் திரும்புகிறார்கள். ஹன்டர் என்ற வீரன் வருகிறான், தன் அடையாளத் தகடு ஒன்றை அர்த்யோமிடம் கொடுத்து, நான் திரும்பாவிட்டால் இதை எடுத்துக்கொண்டு போலிஸ் நகரத்துக்குப் போய் மில்லர் என்பவரைப் பார் என்கிறான். திரும்பவில்லை. அர்த்யோம் கிளம்புகிறான்.

இந்தப் பயணத்தை மாஸ்கோ மெட்ரோவின் உண்மையான வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் என்னைப் பிடித்திழுத்தது. கேமில் எக்ஸிபிஷன் என்பது நிஜத்தில் வேதேஎன்ஹா. ஆரஞ்சு நிறப் பாதையில் இருக்கிறது. தெற்கே இரண்டாவது நிலையம் ரீஷ்ஸ்கயா; கேமில் ரீகா. வணிகர்களின் கூட்டமைப்பான ஹான்சா வைத்திருப்பது வட்டப் பாதை. கம்யூனிஸ்டுகள் பிடித்து வைத்திருப்பது சிவப்புப் பாதை. அதுதான் 1935இல் முதன்முதலாகத் திறக்கப்பட்ட பாதையும்கூட. புஷ்கின்ஸ்கயா, செகோவ்ஸ்கயா, த்வெர்ஸ்கயா மூன்றும் கூடும் சந்திப்பில் நாஜிகள் நான்காம் ரைஷ் நடத்துகிறார்கள். லெனின் நூலகத்தின் அடியில் நான்கு நிலையங்கள் கைகோத்து நிற்கும் இடம் போலிஸ். இன்றைய மாஸ்கோவில் வேதேஎன்ஹாவிலிருந்து அங்கே அரை மணிக்குள் போய்ச் சேரலாம். அர்த்யோமுக்கு அது கதையில் பாதி தூரம். நான் வரைபடத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, எந்த நிலையம் யார் கையில் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே ஆடினேன். மாஸ்கோவின் சுரங்கம் பதுங்குமிடமாவது கற்பனையும் அல்ல. 1941இல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டபோது நகர மக்கள் இறங்கியது இந்த நிலையங்களுக்குத்தான். அந்த ஆண்டு நவம்பரில் புரட்சி நாள் கூட்டத்தையே மாயகோவ்ஸ்கயா நிலையத்தில் வைத்து ஸ்டாலின் பேசினார்.

இனி ஆட்டம். மற்ற ஷூட்டர்களில் திரையின் மூலையில் உயிர் இத்தனை, தோட்டா இத்தனை, போகவேண்டிய திசை இது என்று எல்லாம் எழுதியிருக்கும். இதில் அவற்றில் பெரும்பாலானவை அர்த்யோமின் உடம்பிலேயே இருக்கின்றன. போகவேண்டிய இடம் ஓர் அட்டையில் எழுதியிருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இருட்டாக இருந்தால் லைட்டரைப் பற்றவைத்துப் படிக்க வேண்டும். பற்றவைத்தால் எதிரிக்கும் தெரியும். மேலே நகரத்துக்குப் போனால் முகமூடி இல்லாமல் மூச்சுவிட முடியாது. ஃபில்டர் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று மணிக்கட்டிலுள்ள கடிகாரம் சொல்லும். நான் வெளிச்சத்தில் நிற்கிறேனா மறைவில் இருக்கிறேனா என்று காட்டும் சிறு விளக்குகளும் அதே கடிகாரத்தில்தான். டார்ச் மங்கினால் கைச் சார்ஜரை எடுத்து ‘கிர்ரக் கிர்ரக்’ என்று அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சமயம் துப்பாக்கி கையில் இருக்காது.

முகமூடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடி விழுந்தால் கண்ணாடியில் விரிசல் விழும். அந்த விரிசலோடுதான் உலகத்தைப் பார்க்க வேண்டும், செத்துக் கிடக்கும் ஒருவனிடமிருந்து வேறு முகமூடியைக் கழற்றும்வரை. ஃபில்டர் தீரத் தீரக் கண்ணாடியில் நீராவி படரும், மூச்சு கனக்கும். நான் ஹெட்ஃபோனில் ஆடுகிறவன். ‘டெட் சிட்டி’ என்ற கட்டத்தில், இடிந்த கட்டடங்களுக்கு நடுவே ஃபில்டர் முடியப்போகும் நேரத்தில், கேட்பது அர்த்யோமின் மூச்சா என் மூச்சா என்று தெரியாமல் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பயமுறுத்துவதற்கு இந்த கேம் திடீரென்று எதையும் கத்தவிட வேண்டியதில்லை. கடிகாரம் போதும்.

வழியில் ஆட்கள் சேர்வார்கள், போவார்கள். ரீகாவில் பர்பன் என்ற கடத்தல்காரன் தன் கலாஷ்னிகோவைக் கூலியாகத் தருவதாகச் சொல்லி அர்த்யோமைத் துணைக்கு அழைக்கிறான். வாய் ஓயாத, குடித்துவிட்டுப் பிதற்றுகிற, ஆனால் வெறுக்க முடியாத ஆள். கொள்ளைக்காரர்கள் அவனைக் கொன்றதும் எனக்கு முதலில் தோன்றியது துப்பாக்கி கிடைத்துவிட்டது என்பது. அடுத்த சுரங்கத்தில் அவனுடைய பேச்சு இல்லாதபோதுதான் இழப்பு உறைத்தது. பிறகு கான். பாதி வீரன், பாதி சாமியார். செத்தவர்களின் நிழல்கள் டார்ச் வெளிச்சத்தில் மட்டும் சுவரில் ஓடும் ஒரு சுரங்கத்தில் அவர் கூட்டிப்போவார். அங்கே சுடுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் சொன்னபடி நடக்க வேண்டும், நிழல்களைத் தொடக்கூடாது. ஷூட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு துப்பாக்கியைப் பயனற்றதாக்கும் இந்த மாதிரி இடங்களை நடுநடுவே வைத்ததற்கே இதைச் செய்தவர்களை மெச்ச வேண்டும்.

குறையும் உண்டு. ஒளிந்து போகும் கட்டங்களில் 2010ஆம் ஆண்டு மூல கேம் அநியாயம் செய்யும். நிசப்தமாக ஒருவனை வீழ்த்தியிருப்போம். மூன்று அறை தள்ளி நிற்கிறவனுக்கு எப்படியோ தெரிந்து நிலையமே திரண்டு வரும். சிவப்பர்களும் நாஜிகளும் மோதும் போர்முனைக் கட்டத்தில் பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்து, பதுங்குகுழிகளின் அடியில் ஊர்ந்து போய், கடைசியில் மாட்டிக்கொண்டு கீபோர்டைத் தள்ளிவிட்ட இரவுகள் உண்டு. அங்கே கைகொடுத்தது திஹார். காற்றழுத்தத்தில் இயங்கும், கையால் செய்த துப்பாக்கி. சைக்கிள் பேரிங்கில் இருக்கிற மாதிரி இரும்புக் குண்டுகளைத்தான் எறியும். சுடுமுன் பம்ப் அடிக்க வேண்டும். சத்தம் கிடையாது, காசும் செலவில்லை.

நூலகத்துக்கு வருகிறேன். அணு ஆயுதங்களை இன்னும் ஏவக்கூடிய டி6 என்ற ரகசியக் கட்டளை மையம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஆவணம் லெனின் நூலகத்தில் இருக்கிறது. மில்லரோடு அர்த்யோம் போகிறான், பிறகு தனியாகிவிடுகிறான். அங்கே வசிப்பவை ‘நூலகர்கள்’. கூன் விழுந்த, பெருத்த, சாம்பல் நிற உருவங்கள். சுட்டு வீழ்த்தலாம்தான், ஆனால் வீழ்த்துவதற்குள் இருக்கிற தோட்டா அத்தனையும் தீரும். சரியான வழி ஒன்றுதான். நேராக அதன் கண்ணைப் பார்க்க வேண்டும், பார்வையை எடுக்காமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். முதுகைக் காட்டினால் பாயும். தெரு நாயிடம் ஓடாதே என்று நம் வீடுகளில் சொல்லிக்கொடுப்பார்கள், கண்ணைப் பார்க்காதே என்றும் சொல்வார்கள். இங்கே முதல் பாதி சரி, இரண்டாம் பாதி நேர்மாறு. சாய்ந்த புத்தக அலமாரிகளுக்கு இடையே ஒரு நூலகரை முகத்துக்கு நேர் பார்த்துக்கொண்டு, பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல், ஒவ்வோர் அடியாக நகர்ந்த அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக வேறெந்த ஷூட்டரிலும் நான் எதையும் அனுபவித்ததில்லை. துப்பாக்கி கையில்தான் இருந்தது. உயர்த்தவில்லை. அது கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, தானே திரும்பிப் போயிற்று.

இந்த கேம் நமக்குத் தெரியாமல் ஒரு கணக்கு எழுதிக்கொண்டு வருகிறது. பிச்சை கேட்கிறவனுக்கு ஒரு நல்ல தோட்டா கொடுத்தால் திரை ஒரு கணம் வெளிறி, மெல்லிய ஓசை ஒன்று கேட்கும். மூலையில் உட்கார்ந்து பேசும் இருவரின் பேச்சைக் கடைசிவரை நின்று கேட்டாலும் சில இடங்களில் அப்படித்தான். உடனிருந்த பெரியவர்களை இழந்த ஒரு சிறுவனை முதுகில் சுமந்துகொண்டு போகும் கட்டம் ஒன்று வருகிறது. அவன் பாரத்தால் குறி தள்ளாடும், காதருகே அவன் பேசிக்கொண்டே வருவான். தாயிடம் சேர்த்ததும் அவள் தோட்டாக்களைக் கூலியாக நீட்டுவாள். வாங்காமல் விட்டால் மறுபடியும் அந்த வெளிச்சம். இருண்டவர்கள் கனவுகளில் வரும்போது ஓடாமல் அவர்களை நோக்கிப் போனாலும் உண்டு. இதற்கு என்ன பொருள் என்று கேம் வாயைத் திறக்காது. நான் ஏதோ கார்டு கோளாறு என்றே நினைத்தேன். கடையில் வேலை பார்த்த புத்தி.

கடைசிக் கட்டம் ஒஸ்தான்கினோ கோபுரம். 540 மீட்டர் உயரமுள்ள நிஜமான தொலைக்காட்சிக் கோபுரம் அது. அதன் உச்சியில் ஏறி, டி6இலிருந்து கிளம்பும் ஏவுகணைகளுக்குக் குறி காட்டும் லேசர் கருவியை அர்த்யோம் பொருத்த வேண்டும். பொருத்தினான். இருண்டவர்களில் ஒருவன் அவன் மனத்துக்குள் புகுகிறான். தாக்குகிறான் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றுகிறது. மீண்டு வந்ததும் ஏவுகணைகள் விழுகின்றன. இருண்டவர்களின் இருப்பிடம் எரிகிறது. என் முதல் ஆட்டம் அப்படி முடிந்தது. என்னிடம் எதையும் யாரும் கேட்கவில்லை.

அறைத்தோழன் ஆடியபோது கேட்டது. அவன் பொறுமைசாலி, எல்லா நிலையத்திலும் கிழவிகள் பேசுவதைக்கூட நின்று கேட்பான், கண்ட பிச்சைக்காரனுக்கெல்லாம் தோட்டா கொடுப்பான், “உனக்கு ஃபில்டர் வாங்கக் காசு பத்தாதுடா” என்று நான் திட்டுவேன். அவனுக்குக் கோபுர உச்சியில் ஒரு துப்பாக்கியும் சில விநாடி அவகாசமும் கிடைத்தன. லேசர் கருவியைச் சுட்டுக் கீழே தள்ளினான். இருண்டவர்கள் ஆரம்பம் முதலே பேசத்தான் முயன்றார்கள், மனித மூளை அதைத் தாங்காமல்தான் ஆட்கள் பித்தானார்கள் என்பது அப்போது விளங்கிற்று. இரண்டு முடிவு வைத்த கேம்கள் நிறைய. கடைசியில் இரண்டு பொத்தானை நீட்டி எது வேண்டும் என்று கேட்பது அவற்றின் வழக்கம். இது அப்படிக் கேட்கவில்லை. வழி நெடுக நின்று கேட்டவனுக்கு மட்டுமே கேள்வியே வருகிறது. இது நேர்மையான ஆட்டமா என்று நாங்கள் விடியவிடியச் சண்டை போட்டோம். விதியைச் சொல்லாமல் மதிப்பெண் போடுவது அக்கிரமம் என்பது அன்று என் கட்சி. சொல்லியிருந்தால் எல்லாரும் மதிப்பெண்ணுக்காகப் பிச்சை போட்டிருப்பார்கள் என்பது அவன் கட்சி. இன்று நானும் அவன் கட்சிதான்.

மூலக் கதை திமித்ரி க்ளுகோவ்ஸ்கி எழுதிய நாவல். 2002இல் இணையத்தில் இலவசமாகப் போட்டார், 2005இல் அச்சில் வந்தது. நாவலிலும் ஏவுகணைகள் விழத்தான் செய்கின்றன; 2013இல் வந்த அடுத்த கேமான மெட்ரோ லாஸ்ட் லைட்டும் அந்த முடிவையே எடுத்துக்கொண்டு, தப்பிப் பிழைத்த ஓர் இருண்ட குழந்தையைத் தேடிப் போகிறது. கேமைச் செய்தவர்கள் கீவ் நகரத்தின் 4ஏ கேம்ஸ். ஸ்டாக்கர் கேமை உருவாக்கிய நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்த சிலர் 2006இல் தொடங்கியது. வெளியிட்ட டிஹெச்க்யூ திவாலாகி 2013இல் மறைந்தது. அதன் கடைசித் தலைவர் ஜேசன் ரூபின், பெரிய போட்டியாளர்களோடு ஒப்பிட்டால் அற்பமான பணத்தில், மின்வெட்டுகளுக்கு நடுவே, மடக்கு நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து அவர்கள் வேலை செய்ததைப் பிறகு எழுதினார். கைச் சார்ஜரையும் மங்கும் டார்ச்சையும் இவ்வளவு துல்லியமாகச் செய்ய அவர்களுக்கு எங்கும் போய் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருந்திருக்காது என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்ததும் கீவ் மக்கள் தங்கள் மெட்ரோ நிலையங்களுக்குள் இறங்கினார்கள். கேம் நிஜமாகிவிட்டது என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஒவ்வவில்லை. நான் பார்த்த படங்களில் நடைமேடையில் போர்வை விரித்துப் படுத்திருந்தவர்களிடம் பூனை இருந்தது, பிள்ளைகளின் வண்ணப் பென்சில் இருந்தது, மேலே திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது அல்லது இருந்திருந்தது. அவர்கள் யாருடைய கதைக்கும் பாத்திரங்கள் அல்லர். நாவலை எழுதிய ரஷ்யர் க்ளுகோவ்ஸ்கி அந்தப் போரை வெளிப்படையாக எதிர்த்தார். ரஷ்ய அரசு அவரைத் தேடப்படுவோர் பட்டியலில் சேர்த்தது. 2023 ஆகஸ்டில் மாஸ்கோ நீதிமன்றம் அவர் இல்லாமலேயே எட்டு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மாஸ்கோக்காரர் எழுதியதைக் கீவ்காரர்கள் கேமாக்கினார்கள் என்பது 2010இல் யாரும் கவனிக்காத சாதாரணச் செய்தி.

ஆட நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014இல் ரெடக்ஸ் என்ற பெயரில் புதுப்பித்து வெளியிட்டார்கள். ஒளிந்து போவதில் இருந்த அநியாயம் அதில் தீர்ந்திருக்கிறது. மூலத்தின் அழுக்கு இருட்டு கொஞ்சம் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம், ஆனாலும் முதல்முறை ஆடுகிறவர்கள் ரெடக்ஸையே எடுங்கள். தொடங்கும்போது ‘ஸ்பார்ட்டன்’, ‘சர்வைவல்’ என்று இரண்டு முறை கேட்கும். சர்வைவலைத் தேர்ந்தெடுங்கள், தோட்டாவும் ஃபில்டரும் அதில்தான் அரிதாகக் கிடைக்கும். இன்றைக்கு இதை ஓட்டப் பெரிய கார்டு தேவையில்லை. ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். நிலையங்களில் யாராவது பேசிக்கொண்டிருந்தால், முடியும்வரை நின்று கேட்டுவிட்டு நகருங்கள்.